அம்மா எடுத்த ஸ்பீக்கர்

நம் வயதுக்காரர்களில் ரெக்கார்ட் பிளேட்டைக் கையால் தொட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டோம். நமக்கு விவரம் தெரிந்தபோது கேசட்டே போய்விட்டது. மெமரி கார்டை எடுத்துக்கொண்டு செல்போன் கடைக்கு ஓடி, பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாம். எங்கள் வீட்டில் மட்டும் கட்டிலுக்கு அடியில் நாற்பத்தொரு பிளேட் இருந்தது. ஓட்டுவதற்குப் பிளேயர் கிடையாது.

அது அம்மாவின் பங்கு. அம்மாவைப் பெற்றவர் லாரி வைத்திருந்தவர். வடக்கே லோடு போய்த் திரும்பும்போதெல்லாம் பிளேட் வாங்கி வருவாராம். அவர் போன பிறகு காடு கழனியும் லாரியும் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் அண்ணனுக்கு. கூடப் பிறந்தவள் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். "உனக்கு என்ன புள்ள வேணும்?" என்று மாமா கேட்டதற்கு, "அப்பனோட பிளேட்டுக மட்டும் குடுத்துருங்கண்ணா" என்றாள். கொடுத்தார். பிளேயரை அதற்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். நயமாக எழுதத் தெரியாது. அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. மாமாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், மறைத்துப் பேசப் போவதில்லை. அம்மா பதினான்கு வருஷம் மறைத்தாள். அது போதும்.

அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கிறவள். ராசிபுரம் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றிப் பண்ணைகள்தான். பொழுது விடிந்ததும் அட்டை அட்டையாக முட்டை வரும். பெரிசு, சிறிசு, விரிசல் விட்டது என்று பிரிக்க வேண்டும். மற்றவர்கள் முட்டையைப் பல்பு வெளிச்சத்தில் காட்டி விரிசல் பார்ப்பார்கள். அம்மா ஒரு கையில் மூன்று முட்டையை எடுத்து விரலுக்குள்ளேயே மெதுவாக உருட்டுவாள். முட்டையோடு முட்டை தட்டும். நல்ல முட்டை கிணுகிணு என்று சொல்லும். மயிரிழை விரிசல் இருந்தால்கூட ஒன்று மட்டும் பொத்தென்று அமுங்கும். அதை எடுத்துத் தனியே வைத்துவிடுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்ப்பேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். கோழி எச்ச வாடையும் தவிட்டு வாடையும் அவள் சேலையிலேயே இருக்கும். அவள் குளித்துவிட்டு வந்து பிளேட்டுகளை எடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. துடைத்துவிட்டு முட்டை அட்டைகளை இடையில் கொடுத்து நிற்க வைப்பாள். படுக்க வைத்தால் வளைந்துபோகுமாம்.

பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானேன். எங்கள் பக்கத்தில் அதற்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். திரட்டி என்று சொல்வோம். அந்தச் சீர்தான் பிறந்த வீட்டின் கௌரவம். எத்தனை தட்டு வந்தது, என்ன சாமான் வந்தது என்று பத்து வருஷம் பேசுவார்கள். மாமா அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்ட, போர் போடும் ரிக் வண்டி வாங்கி விட்டிருந்தார், மாடி வீடும் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காரில் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"ஏம் புள்ள, சீருக்கு என்ன வேணும்? பீரோவா, கட்டிலா? ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வாயடைச்சு நிக்கோணும், அப்படிச் சொல்லு."

அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாட்டு செட்டுங்கண்ணா. பிளேட்டு ஓட்டற பிளேயரு, ஒரு ஆம்ப்ளி, ரெண்டு ஸ்பீக்கரு. வேற ஒன்னும் வேண்டாங்."

மாமா சிரித்தார். "முட்டை பொறுக்கறவளுக்கு வந்த ஆசையப் பாரு. சரி, சேலத்துக்கு வா. நீயே பாத்து எடு."

நீயே பாத்து எடு. அந்த மூன்று சொல்லை அம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

சேலத்துக்கு பஸ்ஸில் போனோம். அம்மா இரண்டு பிளேட்டைப் பழைய சேலையில் சுற்றி ஒயர் கூடையில் வைத்திருந்தாள். ஏறும்போதே கண்டக்டரிடம், "ஏனுங்க, எந்தப் பக்கமுங்க வெயில் அடிக்கும்?" என்று கேட்டாள்.

"உங்களுக்கு வெயில் ஆகாதுங்களா?"

"எனக்கு ஆகும். இதுக்கு ஆகாது."

நிழல் பக்கம் நின்றுகொண்டே வந்தாள். வெயில் பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. உள்ளே ஈயம் உருகுகிற வாடை. கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருவர் ஒயரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் கடைக்காரர். மாமா எங்களுக்கு முன்பே வந்து, நாற்காலியில் சாய்ந்து போனில் ரிக் வண்டிக்கு டீசல் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் பிளேயர். மூன்று இருந்தது. ஒன்று சூட்கேஸ் மாதிரி மூடியோடு பளபளவென்று புதுசு. "இத உங்களுக்குக் கட்ட மாட்டனுங்க. ஊசி பாரமா உக்காரும், பிளேட்டத் தின்னுரும்" என்று கடைக்காரரே ஒதுக்கிவிட்டார். மீதி இரண்டும் பழைய ஜப்பான் சாமான், நல்ல கனம். ஒன்றில் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும். இன்னொன்றில் ஓரத்தில் மோட்டார், தட்டை ஒரு ரப்பர் பெல்ட் சுழற்றும்.

"பாட்டு வேண்டாங். பாட்டுக்கு முன்னாடி ஓரத்துல வெறும் கோடு ஓடுமில்லீங்க, அத மட்டும் கேக்க உடுங்க" என்றாள் அம்மா.

கடைக்காரர் அப்போதுதான் கண்ணாடியைக் கீழே இறக்கி அம்மாவைப் பார்த்தார். ஊசியை ஓரத்தில் வைத்தார். அம்மா குனிந்து கேட்டாள்.

"இதுல அடியில ஒரு உறுமல் வருதுங்க. தூரத்துல லாரி ஸ்டார்ட் பண்ணி நிறுத்துன மாதிரி. அதுல வரலீங்க."

"நெசந்தானுங்க. மோட்டார் சத்தம் அது. பெல்ட்டுன்னா ஊசி வரைக்கும் ஏறாது. அப்ப பெல்ட்டே எடுத்துக்குங்க. ஊசி மட்டும் புதுசு போட்டுத் தாரேன்."

அடுத்தது ஸ்பீக்கர். மூன்று ஜோடி. முதல் ஜோடி என் தோள் உயரம் இருந்தது. ஐந்து வட்டம், சுற்றி நீல லைட்டு. மாமாவுக்கு அதுதான் பிடித்தது, எனக்கும்தான். அம்மா போய் விரல் முட்டியால் பெட்டியைத் தட்டினாள், மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு.

"முட்டையத் தட்டித் தட்டி இப்ப இதையும் தட்டறா பாருங்க" என்றார் மாமா.

"கலகலங்குதுண்ணா. பாட்டோட சேந்து இந்தப் பலகையும் பாடும்."

அம்மா எல்லா ஜோடியிலும் ஒரே பிளேட்டை, ஒரே சத்தத்தில் போடச் சொன்னாள். ஒரு பெண் தனியாகப் பாடிய பிளேட் அது. அப்புறம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். இன்னும் குறைக்கச் சொன்னாள். "இன்னங் கொறச்சா என்னத்தக் கேப்பீங்க?" என்றார் கடைக்காரர். "சத்தமா வெச்சா எல்லாமே நல்லாத்தான் கேக்குமுங்க. மெதுவா வெக்கறப்பவும் அந்தம்மா மூச்சு உடறது கேக்கோணும்."

மூன்றாவது ஜோடியில் கேட்டது. எனக்கே கேட்டது. பாட்டு வரிக்கு நடுவில் அந்தப் பெண் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தாள், பக்கத்து அறையில் யாரோ நிற்கிற மாதிரி. பழுப்பு நிறப் பெட்டி, என் இடுப்பு உயரம், முன்னால் கறுப்புத் துணி. துணியைக் கழற்றினால் ஒரு பெரிய வட்டமும் ஒரு சின்ன வட்டமும் மட்டும். பார்க்க ஒன்றுமே இல்லை. அம்மா தட்டினாள். டொக்கென்று ஒரே சத்தம், மேலேயும் கீழேயும் அதே.

"இதுங்க."

"எங்கீங்க வேல பாக்கறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கோழிப்பண்ணைலீங்."

"வேலைக்கு இங்க வாரீங்களா?" என்றார். அம்மா சிரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படி வெட்கப்பட்டு நான் அவளைப் பார்த்ததே இல்லை. மாமா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, "எல்லாத்தையும் கட்டி வைங்க. வண்டி அனுப்பறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சேலையால் சுவரை அளந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ, நாம் உட்காருகிற இடத்துக்கும் அதே தூரம் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அவ்வளவு இடம் ஏது? அரிசி டிரம் வெளியே போனது. துணிக்கொடி இடம் மாறியது. அப்பா லாரி டிரைவர். பத்து நாள் கழித்து லோடு இறக்கிவிட்டு வந்தவர், கட்டில் சமையல்கட்டில் கிடப்பதைப் பார்த்தார்.

"ஏம்மிணி, ஸ்பீக்கருக்கு எடமிருக்குது, எனக்கில்ல போல."

"நீங்க மாசத்துல நாலு நாளு. அது தெனமும் இருக்கப்போவுது" என்றாள் அம்மா.

திரட்டி அன்று மத்தியானம் சீர் வந்தது. மேளம் முன்னால், பின்னால் தட்டு எடுத்த பெண்கள், கடைசியில் ஸ்பீக்கர் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு இரண்டு ஆள், முக்கி முக்கித் தூக்கி வந்தார்கள். பழுப்புப் பெட்டி, கறுப்புத் துணி, மேலே மாலை. "யப்பா, என்னா கனம்" என்று ஒறம்பரை வாயடைத்துத்தான் போனார்கள். மாமா மைக்கை வாங்கி, "என்ற தங்கச்சி கேட்டது, கேட்ட மாதிரியே செஞ்சிருக்கறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பெட்டிகளிடம் போனாள். மாலையைச் சரி செய்வதுபோல் குனிந்து, விரல் முட்டியால் தட்டினாள். மேலே ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு. அப்படியே கை நின்றுவிட்டது. அப்புறம் இன்னொரு பெட்டி. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். மாமா வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

மேளக்காரர், "பாட்டு ஒன்னு போடலாமுங்களா?" என்று கேட்டார்.

மாமா திரும்பினார். "பிளேயரும் ஆம்ப்ளியும் கடைலயே நிக்குது, ஊசி மட்டும் வரோணும். அடுத்த வாரம் வந்துரும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, "ஆமாங், ஊசி வரோணும். மத்ததெல்லாம் நல்லாருக்குதுங்" என்றாள்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு ஒப்பனைக்காரி ஒரு மூட்டைப் பவுடரைப் பூசியிருந்தாள். அதையும் மீறி முகம் வெளுத்திருந்தது மட்டும் தெரிந்தது.

ஊசியும் வரவில்லை, பிளேயரும் வரவில்லை. கேட்பவர்களுக்கெல்லாம் அம்மா ஊசி வரோணும் என்றே சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், பண்ணையில் கேட்டார்கள், அப்பா கேட்டார். ஊசி இல்லாமல் எதையும் ஓட்ட முடியாது. ஓட்ட முடியாவிட்டால் ஸ்பீக்கர் பாடுமா பாடாதா என்று யாருக்குத் தெரியும்? மாமா அதை யோசித்துத்தான் செய்திருக்கிறார். போர் போடுகிறவருக்கு ஆழம் தெரியாதா?

ஒரு மாதம் பொறுத்தேன். அம்மா பண்ணைக்குப் போன ஒரு நாள், அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே செங்கல். ஏழு செங்கல், ஆடாமல் இருக்கச் சாக்கு சுற்றியிருந்தது. முன்னால் துணிக்குப் பின்னால் ஸ்பீக்கர் இல்லை, கறுப்புப் பெயின்ட் அடித்த பலகை.

நான் ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

"வெளிய சொன்னீன்னா பாத்துக்க. சொன்னா நாளைக்கு எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒன்னு இருக்காது."

செங்கல்லை எடுத்த வரிசையிலேயே உள்ளே வைத்தாள். சாக்கைச் சுற்றினாள். பலகையை வைத்து எட்டுத் திருகாணியையும் அவளே முடுக்கினாள். நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆடியில் மாமா வீட்டில் மாரியம்மன் பண்டிகைக்குப் போனோம். மாடி வீடு முடிந்திருந்தது. காம்பவுண்டுக்குள் நுழையும்போதே பாட்டு கேட்டது. அம்மா செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். ஹாலில், டைல்ஸ் தரையில், அவள் எடுத்த பெல்ட் பிளேயர், அவள் எடுத்த ஆம்ப்ளி, அவள் தட்டிப் பார்த்த பழுப்பு ஸ்பீக்கர் இரண்டும் இருந்தன.

சேலத்துக்கு மாமா அம்மாவைக் கூப்பிட்டது அவளுக்காக இல்லை. புது வீட்டுக்கு நல்ல செட் வேண்டியிருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு காது வேண்டியிருந்தது.

"கடையில இதே மாதிரி இன்னொரு ஜோடி இருந்துதுன்னு எடுத்தேன்" என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

"நல்லாருக்குதுங்கண்ணா" என்றாள் அம்மா. ஸ்பீக்கருக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிளேட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் அத்தையிடம், அதாவது மாமாவின் மனைவியிடம், "அண்ணி, செவுத்தோட ஒட்டி வெச்சிருக்கறீங்க, அதான் அடிச் சத்தம் கும்முனு எல்லாத்தையும் அமுக்குது. ஒரு மொழம் முன்னால தள்ளி வைங்க" என்றாள். அவர்கள் யாரும் அசையவில்லை. அம்மாவே எழுந்து, இரண்டையும் கட்டிப்பிடித்து நகர்த்தி, கோணம் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

எல்லோரும் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனபோது, வயிற்று வலி என்று சொல்லி நின்றுகொண்டேன். கறுப்புத் துணியைக் கழற்றி, பெரிய வட்டத்தின் நடுவில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி இருக்குமே, அதைக் கட்டைவிரலால் அமுக்கினேன். காகிதம்தான் அது. பள்ளம் விழுந்தது. துணியை மாட்டிவிட்டேன். என் வாழ்க்கையில் முதல் பழி அது. நன்றாக இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "ஸ்பீக்கர என்ன பண்ணுன?"

சாயங்காலம் மறுபடி பாட்டு போட்டிருந்தார்கள். இரண்டு சுவருக்கு அப்பால், பாத்திரம் கழுவிக்கொண்டே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குத்துனேன். மாமாவுக்கு வேணும்."

"அது நான் எடுத்தது சாமி" என்றாள் அம்மா. "நீ குத்துனது மாமனயில்ல."

இன்று யோசித்தால், அவள் அதைத் தன்னுடையது என்று சொன்னது அன்று மட்டும்தான்.

பதினான்கு வருஷம் அந்த இரண்டு செங்கல் பெட்டியும் எங்கள் வீட்டில் நின்றன. அம்மா தினமும் தூசி தட்டினாள். நான் எட்டாவது முடித்து மில்லுக்குப் போனேன். முதல் வருஷ போனஸில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். அம்மா ஒரு பாட்டு கேட்டுவிட்டு, "பரவால்ல, சத்தமா இருக்குது" என்றாள். சத்தமாக இருக்கிறது என்றால் அவள் அகராதியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நல்ல செட்டாகச் சேர்த்துச் சேர்த்து வாங்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம் என்றாள். "புதுசா ஒன்னு வந்தா, அப்ப அதுக்கென்ன ஆச்சுன்னு கேப்பாங்கல்ல?" என்றாள். பொய்யை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதற்காகப் பாட்டையே விட்டுவிட்டாள். அவளைக் கோழை என்று நினைத்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. அவள் தினமும் கனம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் தையில் அவளுக்கு முடியாமல் போனது. மாசியில் போய்விட்டாள்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போட மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, ஆனால் குரல் அதே குரல். சேலையை அம்மா மேல் போர்த்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ற தங்கச்சிக்கு ஒரு கொறையும் வெக்கல. வாய் தொறந்து கேட்டது பாட்டு செட்டு. அதையும் செஞ்சேன்" என்று அழுதார். அவர் பக்கத்தில்தான் அந்தப் பெட்டிகள் நின்றன. சாவு வீட்டில் வந்தவர்கள் அதன்மேல் டீ டம்ளர் வைத்திருந்தார்கள்.

அழுகை எனக்கு அப்போதே நின்றுவிட்டது. பதினாறு நாள் பொறுத்தேன், அம்மாவுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் முடியட்டும் என்று.

கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவோடு முட்டை பிரித்த நான்கு பெண்களைக் கூப்பிட்டேன். பண்ணையின் டெம்போவைக் கேட்டு வாங்கினேன். பெட்டிகளின் பின்பலகையைக் கழற்றி வீசினேன். அப்பா, "வேண்டாஞ்சாமி. உங்கம்மா கட்டிக் காத்தத நீ ஒடைக்காத" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கம் மாமா ஊரில், தெருமுனையிலேயே டெம்போவை நிறுத்தச் சொன்னேன். சீர் எப்படி நடந்து வந்ததோ அப்படியே நடந்து போக வேண்டும். முன்னால் நான். பின்னால் ஒரு பெட்டிக்கு இரண்டு பெண்கள். திறந்த பக்கம் தெருவைப் பார்க்கட்டும் என்று சொல்லியிருந்தேன். செங்கல் எல்லோருக்கும் தெரிந்தது. தெருக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள்.

மாமா வீட்டில் ஒறம்பரை இருந்தார்கள். பெரியவர் ஒருவர், மாமாவுக்குப் பங்காளி, போர்டிகோவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி இது?"

"மாமன் செஞ்ச திரட்டிச் சீருங்க. அம்மா போயிட்டா. திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்."

எங்கள் பக்கத்தில் சீரைத் திருப்பிக் கொடுப்பது என்றால் உறவே அறுந்தது என்று அர்த்தம். பெரியவர் எழுந்துவிட்டார். எழுந்தவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார்.

"செங்கல்லு."

"ஆமாங். பொட்டிக்கு ஏழு. மாமன் அப்பத்தான் ஊடு கட்டுனாரு, மிச்சமாயிருக்கும்."

கூட வந்த பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். மாமா உள்ளேயிருந்து வந்தார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தை, "சத்தியமா எனக்குத் தெரியாது. இது இன்னொரு ஜோடின்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு" என்று ஒறம்பரையிடம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தாள். ஹாலில் அம்மா எடுத்த ஸ்பீக்கர்கள் நின்றன. பிளேயர் மேல் சலவைத் துணி அடுக்கியிருந்தது. அவர்கள் பாட்டு கேட்டே பல வருஷம் ஆகியிருக்கும்.

"சாமி, உள்ள வா. உக்காந்து பேசலாம்" என்றார் மாமா.

"பேச ஒன்னுமில்லீங் மாமா. உங்க தங்கச்சி கடசி வரைக்கும் பேசல. நானெதுக்குப் பேசறேன்?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். டெம்போவில் உட்கார்ந்ததும் பெருமையாக இருந்தது. நான் நல்லவள் என்று சொல்ல வரவில்லை. பெரியவர் செங்கல்லு என்று சொன்ன அந்தக் குரலை இன்றைக்கும் நினைத்து நினைத்துக் கேட்கிறேன், அம்மா பாட்டு கேட்ட மாதிரி.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், எங்கள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமா இறங்கினார். தனியாகத்தான் வந்திருந்தார். டிரைவர் பின்கதவைத் திறந்தான். மெத்தை விரித்து, அதன்மேல் பழுப்பு ஸ்பீக்கர் இரண்டும், பிளேயரும், ஆம்ப்ளியும்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு வந்தவர் பகையாளியாக இருந்தாலும் வாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாமல் அவர் படி ஏற மாட்டார். சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய அவமானமும் இல்லை.

நான் படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார், அந்த ஒரு வார்த்தைக்காக. உள்ளேயிருந்து அப்பா, "வந்தவங்கள வாங்கன்னு சொல்லு சாமி" என்றார்.

ஸ்பீக்கர் எனக்கும் வேண்டியிருந்தது. அம்மாவின் நாற்பத்தொரு பிளேட்டையும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. வேனில் இருப்பதில் ஒன்றில் நான் குத்திய பள்ளம்கூட இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் இறங்கிவிடும். இறங்கினால் அவர் கொடுத்தவர் ஆகிவிடுவார். தங்கச்சிக்குச் செய்ததைத் தங்கச்சி மகளுக்குச் செய்தேன் என்று அடுத்த மைக்கில் சொல்வார்.

நான் வெங்காயத்தை உரித்தேன். மாமா வெயிலில் நின்றார். டிரைவர் ஒரு முறை ஹார்ன் அடித்தான். அப்பா எழுந்து வருவது கேட்டது, வாசல்படி வரை வந்து அவரும் நின்றுவிட்டார். மாமா கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், வேனில் ஏறினார், போய்விட்டார்.

அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். வாங்கண்ணா, வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க என்று எழுந்து ஓடியிருப்பாள். அதனால்தான் நான் சொல்லவில்லை.